கட்டளைச் சொல்லும் அதன் எண்ணும்: திருகோணமலை என்னும் பெயரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கணினித் துறையின் நுட்பமொன்றைத் தமிழாய்வு இதழில் ஆராய்வது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். மொழியைச் சமூக உறவுகளின் விளைபொருளாகக் கொண்டு நோக்குவோருக்கு இவ்வினா பெரிதன்று. ஒரு சொல்லை யார் எவ்வாறு தேடிக் காண்கின்றனர், தேடியவருக்கு எத்தகைய விடை கிடைக்கின்றது என்பன எக்காலத்திலும் சமூகப் பிரச்சினைகளாகவே இருந்துள்ளன. நிகண்டு, அகராதி ஆகியவற்றின் வரலாறு இதற்குச் சான்று. இன்று அத்தேடலின் பெரும்பகுதி சேவையகம் எனப்படும் கணினிகளில் நிகழ்கின்றது. தொலைவிலிருந்து வரும் கட்டளைச் சொல்லை ஏற்று, அச்சொல் குறிக்கும் செயலைக் கண்டு, அதனை நிறைவேற்றுவது சேவையகத்தின் பணியாகும். இத்தேடலை விரைவுபடுத்தும் முறைகளுள் தலையாயது சொல்லை எண்ணாக மாற்றும் ஹாஷ் முறை. அம்முறை இயங்கும் வகையினையும், அது தமிழ்ச் சொற்களைக் கையாளும்போது தோன்றும் சிக்கலொன்றினையும் விளக்குவதே எமது நோக்கம்.

எடுத்துக்காட்டுக்குத் திருகோணமலையைத் தெரிந்தமைக்கு இரு காரணங்கள் உள. ஒன்று, அது துறைமுகம். கட்டளைச் சொற்களைச் சுருக்கிக் குறியீடாக்கும் வழக்கத்தைக் கணினிக்கு மிக முன்பே அறிந்த இடம். மற்றொன்று, நாம் கூறவிருக்கும் சிக்கல் அவ்வூரின் பெயரிலேயே அடங்கியிருக்கின்றது.

2

திருகோணமலைத் துறைமுகம் 1795இல் பிரித்தானியர் வசமாகியது. 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் அங்கிருந்த கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அந்நெடுங்காலப் பகுதியில் அங்கு நங்கூரமிட்ட கப்பல்கள் கொடிகளின் வாயிலாகவே பெரிதும் பேசிக்கொண்டன. வணிகக் கப்பல்களுக்கான பொதுக் கொடிக் குறியீடு ஒன்றைப் பிரித்தானிய வர்த்தகச் சபை 1857இல் வெளியிட்டது. அதன் வழிவந்த சர்வதேசச் சைகைக் குறியீடு 1965இல் திருத்தியமைக்கப்பட்டு, 1969இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 'ஜி' என்னும் கொடி வழிகாட்டி தேவை என்பதையும், 'எச்' என்னும் கொடி வழிகாட்டி கப்பலில் இருக்கின்றார் என்பதையும், 'கியூ' என்னும் கொடி கப்பலில் நோயில்லை, துறைபுக அனுமதி வேண்டும் என்பதையும் உணர்த்தும். கொடியைக் கண்டவர் குறியீட்டு நூலில் அவ்வெழுத்துக்குரிய இடத்தை நேரே திறந்து பொருளறிவார். நூலை முதலிலிருந்து படித்துச் செல்லார்.

இங்கு இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, விரைவு என்பது கண்ணின் கூர்மையாலன்றி முன்கூட்டிய உடன்பாட்டினாலேயே கிடைத்தது. நீண்ட வாக்கியத்துக்கு ஒரு கொடி என எல்லோரும் முன்னரே ஒப்புக்கொண்டிருந்தனர். இரண்டாவது, அவ்வுடன்பாட்டில் யார் பங்குகொண்டனர் என்பது. 1965ஆம் ஆண்டின் குறியீட்டு நூல் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஜேர்மன், ஜப்பானியம், ஸ்பானியம், நோர்வீஜியம், ருஷியம், கிரேக்கம் ஆகிய ஒன்பது மொழிகளில் அமைந்தது. திருகோணமலையில் கயிறு பிடித்தோரும் சுமை இறக்கியோரும் பேசிய தமிழோ சிங்களமோ அவ்வொன்பதில் இல்லை. உழைத்த கை ஒரு மொழியிலும் கட்டளை பிறிதொரு மொழியிலுமாக இருந்த நிலை இதுவாகும். இலங்கை அரசின் கட்டளை மொழி பற்றிய போராட்டமும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாகியது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாகியது. எனினும், சட்டத்தில் இடம்பெற்ற மொழி பதிவேட்டிலும் இயந்திரத்திலும் தானாகவே இடம்பெற்றுவிடுவதில்லை.

3

சேவையகத்தில் கட்டளைத் தேடல் நிகழுமாற்றை இனி நோக்குவோம். ஒரு சேவையகம் 200 கட்டளைச் சொற்களை அறிந்திருப்பதாகக் கொள்வோம். இது கற்பனையான அளவன்று. சல்வத்தோரே சான்பிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ் என்னும் தரவுச் சேவையகத்தின் கட்டளைகள் இன்று 200ஐ விஞ்சிவிட்டன. வந்த சொல்லைப் பட்டியலிலுள்ள சொற்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது மிக எளிய வழி. எல்லாக் கட்டளைகளும் சம அளவில் வருமாயின் சராசரியாக நூறு ஒப்பீடுகள் வேண்டும். பட்டியலில் இல்லாத சொல் வந்தால், அது இல்லையென அறிவதற்கு 200 ஒப்பீடுகளும் வேண்டும்.

இரண்டாவது வழி, பட்டியலை அகரவரிசைப்படுத்தி, நடுவிலுள்ள சொல்லோடு ஒப்பிட்டு, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்கிச் செல்வது. இவ்வழியில் 200 சொற்களுக்கு எட்டு ஒப்பீடுகள் போதும். மூன்றாவது வழியே ஹாஷ். வந்த சொல்லிலிருந்தே ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண்ணுக்குரிய அறையை நேரே திறந்து பார்ப்பது அது. பெரும்பாலும் ஒரு கணிப்பும் ஓர் ஒப்பீடும் போதுமானவை.

சேவையகமொன்றுக்கு நொடிக்கு 50,000 கட்டளைகள் வருவதாக வைத்துக்கொண்டால், முதல் வழியில் 50 இலட்சம் ஒப்பீடுகளும், இரண்டாவது வழியில் 4 இலட்சமும், மூன்றாவது வழியில் ஏறத்தாழ 50,000உம் நிகழும். கட்டளைகள் பத்தோ பன்னிரண்டோ ஆயின் முதல் வழியே போதுமானது என்பதையும் கூறவேண்டும். முறையின் மேன்மை அதன் இயல்பில் மட்டுமன்றித் தேவையின் அளவிலும் தங்கியுள்ளது.

இம்மூன்று வழிகளையும் தமிழ்ச் சொற்றொகுதிகளின் வரலாற்றோடு ஒப்பிடுவது விளக்கத்துக்கு உதவும். திவாகரம் முதலிய நிகண்டுகள் பொருள் வகையால் அமைந்தவை, செய்யுளில் இயன்றவை. அவற்றில் ஒரு சொல்லைக் காண வேண்டுமாயின் நூலை மனத்தில் இருத்தியிருக்க வேண்டும். இருத்துவதற்கு ஆசிரியரும் ஓய்வும் வேண்டும். ஆகவே, அத்தேடல் கற்றோர் குழாத்தின் உடைமையாயிற்று. சிதம்பர இரேவண சித்தரின் அகராதி நிகண்டு (1594) சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அம்முறையை விரிவாக்கியது. ஈழத்தில் 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது. எழுத்துவரிசை அறிந்த எவரும் ஆசிரியர் துணையின்றிச் சொல்லைக் காணலாம் என்னும் நிலை இவ்வாறு உருவாகியது. தேடும் முறை மாறியபோது தேடுவோரின் கூட்டமும் விரிந்தது.

ஹாஷ் முறை இவ்வரிசையில் மேலும் ஒரு படி. ஆனால் அதில் ஓர் இழப்பும் உண்டு. அகராதியில் 'வேலை'யைத் தேடுபவர் 'வேலைக்காரன்', 'வேலைநிறுத்தம்' ஆகியவற்றையும் அருகே காண்பார். ஹாஷ் அட்டவணையில் அண்டைச் சொல் என எதுவுமில்லை; சொற்கள் உறவிழந்து சிதறிக் கிடக்கும். சொல்லைச் சமூக மோதல்கள் நிகழும் களமாக நோக்கினார் வொலோஷினோவ் (1929). ஹாஷ் முறையோ சொல்லின் பொருளையும் உறவையும் முற்றாகக் கழித்துவிட்டு, அதன் வடிவத்தை மட்டும் எண்ணாகக் காண்கின்றது. அதன் விரைவு, அது மறக்கும் செய்திகளால் விளைவது.

4

'ஹாஷ்' என்னும் ஆங்கிலச் சொல் கொத்திக் கலப்பதைக் குறிப்பது. கொத்துரொட்டிக் கடையைக் கடந்து சென்ற எவருக்கும் இச்செயல் புதிதன்று. ரொட்டி கொத்தப்பட்டுக் கலக்கப்பட்டபின் அதன் முந்தைய வடிவம் தெரிவதில்லை. சொல்லும் அவ்வாறே கொத்தப்படுகின்றது. ஆனால், ஒரே சொல்லை எத்தனை முறை கொத்தினும் ஒரே எண் வரவேண்டும் என்பது இங்கு விதி.

யுனிகோட் குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் உண்டு. பதின்ம எண்ணாகக் கூறின், 'வ' 2997, ஏகாரக் குறி 3015, 'ல' 2994, ஐகாரக் குறி 3016. 'வேலை' என்னும் சொல் இந்நான்கு எண்களின் வரிசையாகும். இனி, முதல் எண்ணை 33ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுக. வந்ததை மீண்டும் 33ஆல் பெருக்கி மூன்றாவதைக் கூட்டுக. இறுதிவரை இவ்வாறே செய்க. 33 என்னும் பெருக்கி, டானியல் பேர்ன்ஸ்டைனின் பெயரோடு இணைத்து வழங்கப்படும் புகழ்பெற்ற முறையில் உள்ளது. நடைமுறையில் எழுத்தெண்ணுக்குப் பதிலாகப் பைட்டுகள் கணிக்கப்படும், தத்துவம் ஒன்றே. 'வேலை'க்கு வரும் தொகை 111,088,342. இதனை அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியே அறையின் இலக்கம்.

அறைகள் எத்தனை? திருகோணமலைக்குரிய எண்ணொன்றையே கொள்வோம். சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கித் தொகுதியில் 99 தாங்கிகள் உள்ளன. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி அவற்றுள் 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்குமாகப் பகிரப்பட்டன. தாங்கிகளைப் போல எமது அறைகளும் 99 எனக் கொண்டால், 'வேலை'க்குரிய மீதி 46. 'விலை' என்னும் சொல்லைக் கணித்தால் அதற்கும் 46, 'ஆலை'க்கும் 46. வேலையும் விலையும் ஆலையும் ஒரே அறையில் குவிவது அரசியற் பொருளாதாரம் பயில்வோருக்கு வியப்பளிக்காதெனினும், கணிதத்தில் இது பிழையான அமைப்பு. காரணம் எளிது: 33ஐ 33ஆல் பெருக்க வரும் 1089, 99இன் பதினொரு மடங்கு. ஆகவே, சொல்லின் இறுதி இரு குறிகள் தவிர்ந்த அனைத்தும் மீதியில் மறைந்துவிடுகின்றன. 'லை' என முடியும் எச்சொல்லும் 46ஆம் அறைக்கே செல்லும். காலை, மாலை, சோலை, மலை யாவும் அவ்வாறே. திருகோணமலையும் அங்கேயே சேரும். அறைகள் 99 இருந்தும் தேடல் பழைய வரிசைத் தேடலாகவே சீரழியும்.

அறைகளை 101 ஆக்குவோம். 101 பகா எண்; 33உடன் பொதுக் காரணி அற்றது. இப்போது 'வேலை' 58ஆம் அறைக்கும், 'விலை' 32ஆம் அறைக்கும், 'ஆலை' 53ஆம் அறைக்கும் பிரிந்து செல்கின்றன. இரண்டு அறைகள் கூடியமையினாலன்றி, எண்களின் உறவு மாறியமையினாலேயே இப்பயன் விளைந்தது. விகுதிகள் மிகுந்த தமிழில் சொல்லிறுதிகள் திரும்பத் திரும்ப வருவதால், தமிழ்ச் சொற்களைக் கையாள்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

எவ்வாறு தெரிந்தாலும் சில வேளைகளில் இரு சொற்கள் ஓரறையில் சேரும். இது மோதல் எனப்படும். ஓரறையின் சொற்களைச் சங்கிலியாகக் கோத்து வைப்பது ஒரு தீர்வு. நிரம்பிய அறையை விட்டு அடுத்த வெற்றறையில் வைப்பது மற்றொரு தீர்வு. எவ்வாறாயினும், அறையைக் கண்டபின் அங்குள்ள சொல் வந்த சொல்லே தானா என இறுதியில் ஒருமுறை ஒப்பிட்டே ஆகவேண்டும். எண் ஒத்தமையால் சொல் ஒத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. கட்டளைச் சொற்களைப் பொறுத்தவரை ஒரு வசதியும் உண்டு: அவை முன்னரே முழுமையாகத் தெரிந்தவை. எனவே, மோதலே நிகழாத கணிப்பு முறையொன்றைத் தேடித் தெரிந்துகொள்ளலாம். இதனை நிறைஹாஷ் எனலாம். இத்தாலியரான ஸ்புருக்னோலி 1977இல் இதுபற்றி எழுதினார். பின்னர் டக்ளஸ் ஷ்மிட் ஆக்கிய ஜிபெர்ஃப் என்னும் கருவி, சொற்பட்டியலைக் கொடுத்தால் அத்தகைய முறையை நிரலாகவே எழுதித் தருகின்றது.

5

இம்முறையைக் கண்டவர் யார்? ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் எழுதிய உள்ளகக் குறிப்பொன்றில் சங்கிலி முறை இடம்பெற்றது. அடுத்த ஆண்டில் அதே நிறுவனத்தில் ஜீன் அம்டால், எலெய்ன் மக்ரோ, ஆர்தர் சாமுவேல் ஆகியோர் அடுத்த அறைக்குச் செல்லும் முறையைக் கையாண்டனர். ஆர்னோல்ட் டூமி 1956இல் இதனைப் பொதுவெளியில் எழுதினார். சோவியத் நாட்டில் அந்திரேய் ஏர்ஷோவ் 1957-58 அளவில் அதே அடுத்த அறை முறையைத் தாமாகவே கண்டறிந்தார். கெடுபிடிப்போர் இரு முகாம்களையும் பிரித்து நின்ற காலத்தில் இரு பக்கத்தாரும் ஒரே தீர்வினை அடைந்தமை, கண்டுபிடிப்பு தனிமனித மேதைமையின் திடீர் ஒளியன்று என்பதை உணர்த்துகின்றது. கணினிக்குரிய நிரலில் பெயர்களைத் தேடும் உழைப்பு இரு இடங்களிலும் ஒரே நெருக்கடியை அடைந்திருந்தது. நெருக்கடியே தீர்வினை ஈன்றது.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) இயந்திரத்தை முன்னர்ச் செலவிடப்பட்ட உழைப்பின் உறைவிடமாகக் காண்கின்றார். ஹாஷ் அட்டவணையும் அத்தகையதே. ஒவ்வொரு தேடலும் விரைவாக நிகழ்வதற்குக் காரணம், தேடலுக்கு முன்பே யாரோ சொற்களைத் தொகுத்து, கணிப்பு முறையைத் தெரிந்து, அறைகளில் இட்டு வைத்திருப்பதாகும். அவ்வுழைப்பு எம்மொழியின் சொற்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது என்னும் வினாவே எம்மைத் தமிழுக்கு இட்டுவருகின்றது.

6

'திருகோணமலை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 'கோ' தமிழிலக்கணப்படி ஓரெழுத்து. ககர மெய்யும் ஓகார உயிரும் கூடிய உயிர்மெய். ஆனால் அதன் வரிவடிவம் இரட்டைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக நிற்கின்றது. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளர் துண்டு துண்டாகவே அதனைக் கோத்தார். யுனிகோட் (முதற்பதிப்பு 1991) இவ்விரு மரபுகளுக்கும் இடமளித்தது. 'கோ'வை ககரம் (2965), ஓகாரக் குறி (3019) என இரு எண்களாகவும் எழுதலாம்; ககரம் (2965), ஏகாரக் குறி (3015), கால் (3006) என மூன்று எண்களாகவும் எழுதலாம். முன்னது இலக்கணத்தின் வழி. பின்னது அச்சுப்பெட்டியின் வழி. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றே. கண் வேறுபாட்டைக் காணாது.

ஹாஷ் முறை காணும். நாம் மேலே கூறிய கணிப்பில், 101 அறைகள் கொண்ட அட்டவணையில், முதல் வடிவிலுள்ள 'கோ' 66ஆம் அறைக்கும், இரண்டாம் வடிவிலுள்ள 'கோ' 2ஆம் அறைக்கும் செல்கின்றது. 'திருகோணமலை' முழுவதும் முதல் வடிவில் 10 குறிகள், 30 பைட்டுகள். இரண்டாம் வடிவில் 11 குறிகள், 33 பைட்டுகள். முதல் வடிவில் பதிந்து வைத்த பெயரை இரண்டாம் வடிவில் தேடினால் சேவையகம் தேடுவது வேறொரு அறையை. அங்கு அப்பெயர் இராது. தற்செயலாக அறை ஒன்றே ஆயினும் இறுதி ஒப்பீடு இரண்டையும் வேறெனத் தள்ளிவிடும். 'இல்லை' என்பதே விடை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் பயிலும் எல்லாச் சொற்களுக்கும் இது பொருந்தும்.

கட்டளைச் சொல்லும் இதற்கு விலக்கன்று. முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் 'பதிப்பி', 'பின்கொடு' முதலியன கட்டளைச் சொற்கள். தமிழில் கட்டளையிட இயலும் என்பதை அம்மொழி நிறுவியது. ஆனால் 'பின்கொடு' என்பதிலுள்ள 'கொ'வும் இருவடிவுடையது. வடிவங்களைச் சமன்செய்யாத எந்த நிரலும், கண்ணுக்குச் சரியான கட்டளையைப் பிழையென மறுக்கும். பைதான் மொழியின் மூன்றாம் பதிப்பு (2008) நிரலிலுள்ள மாறிகளின் பெயர்களைத் தானே சமன்செய்கின்றது; தரவாக வரும் சொற்களை அவ்வாறு செய்வதில்லை. அப்பொறுப்பு நிரல் எழுதுவோரையே சாரும்.

இதனைக் கொண்டு தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி என்று முடிவுகட்டுவோர் உளர். அவர்கள் ஆங்கிலத்தின் வரலாற்றை மறந்தவராவர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் எண் வேறு. 1982இல் வரையறுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறையின் நான்கெழுத்துக் கட்டளைகள் எவ்வகை எழுத்தில் வந்தாலும் ஒன்றாகவே கொள்ளப்படல் வேண்டும். ஆதலின் சேவையகம் சொல்லை முதலில் ஒரே வகை எழுத்துக்கு மாற்றி, அதன் பின்னரே தேடுகின்றது. ரெடிஸ் சேவையகமும் கட்டளையை எண்ணாக்கும்போது இவ்வேறுபாட்டை நீக்கிவிடுகின்றது. ஆங்கிலத்துக்கும் இருவடிவச் சிக்கல் உண்டு. ஆனால் அதனைத் தீர்ப்பதற்கான உழைப்பு தொடக்கத்திலேயே செலவிடப்பட்டு, இன்று இயல்பெனத் தோன்றுகின்றது. தமிழுக்குப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. அதற்குரிய சிக்கல் வேறு. மொழியின் இயல்பாகக் காட்டப்படும் குறை, உண்மையில் உழைப்புச் செலவிடப்படாமையின் விளைவே.

7

தீர்வு படிநிலைகளாக அமைவது. முதற்படியை இயந்திரமே செய்யும். மேற்கூறிய இரு வடிவங்களும் சமமானவை என யுனிகோட் விதித்துள்ளது. அவற்றை ஒரே வடிவுக்குக் கொணரும் வழிமுறையையும் வகுத்துள்ளது. வந்த சொல்லை அவ்வழியால் சமன்செய்து, பின்னரே ஹாஷ் எண்ணைக் கணித்தால் 'திருகோணமலை' எவ்வாறு தட்டச்சிடப்பட்டாலும் ஓரறைக்கே செல்லும். சமன்செய்தல் வாயிலில் நிகழவேண்டும்; உள்ளே சென்றபின் அன்று. பதியும்போதும் தேடும்போதும் ஒரே விதி ஆளவேண்டும்.

இரண்டாம் படியில் அவ்விதி உதவாது. 'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்தை ஸகரத்தாலும் எழுதலாம்; 2005இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் எழுதலாம். தோற்றம் ஒன்றே, ஆனால் யுனிகோட் இவற்றைச் சமமெனக் கொள்வதில்லை. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவதும் இத்தகையது. இவற்றுக்குத் தமிழறிந்தோர் தனியே பட்டியல் செய்து தரவேண்டும்.

மூன்றாம் படி எழுத்துக்கூட்டல் பற்றியது. இவ்வூரின் பெயரைத் 'திருகோணமலை' எனவும் 'திருக்கோணமலை' எனவும் எழுதுவோர் உளர். இதில் எது சரி என்பது இலக்கண விவாதம். சேவையகம் அவ்விவாதத்தில் நடுவராதல் கூடாது. இரு வடிவங்களையும் அறிந்து ஒரே பதிவுக்கு இட்டுச்செல்வதே அதன் கடன். நான்காம் படி பெயர்களே வேறாதல். மக்கள் வழக்கில் அது திருமலை, பழைய வழக்கில் கோகர்ணம், ஆங்கிலத்தில் டிரிங்கோமலி. உலகக் கப்பல் வணிகம் இச்சிக்கலை ஐந்தெழுத்துக் குறியீட்டால் தீர்த்துக்கொண்டது: 'எல், கே, டி, ஆர், ஆர்' என்பது ஐக்கிய நாடுகள் இடக்குறியீட்டில் இத்துறைமுகத்தின் பெயர். சரக்குகளின் பெயர்கள் குழம்பாதிருக்க வணிக மூலதனம் இவ்வளவு முயற்சி எடுத்தது. மனிதர்களின் பெயர்களுக்கு அத்தகைய முயற்சி எடுக்கப்பட வேண்டாவா?

இது வெறும் ஒப்பீடன்று. போராலும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்த மக்கள் வாழும் மாவட்டம் இது. பட்டியல்களில் தம்மவரின் பெயரைத் தேடுவது எத்தகையது என்பதை இம்மக்கள் அறிவர். கோணேஸ்வரி, கோபாலன், யோகராசா, சௌந்தரம் என இருவடிவக் குறிகள் கொண்ட பெயர்கள் தமிழரிடையே மிகப் பல. நிவாரணம், காணி, பிறப்புப் பதிவு ஆகியவற்றில் 'இப்பெயரில் பதிவு இல்லை' என்னும் விடையை ஒரு தாய் பெறுவாளாயின், அது பெயரின் இன்மையா, குறியின் வேற்றுமையா என்பதை அவளால் அறிய முடியாது. விடையளிக்கும் எழுதுவினைஞராலும் அறிய முடியாது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இயந்திரத்தின் 'இல்லை' அதிகாரத்தின் 'இல்லை'யாக மாறும் இடம் இதுவே.

8

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஹாஷ் முறை சொல்லை எண்ணாக்கித் தேடலை விரைவுபடுத்துகின்றது. ஆனால், எவ்விரு வடிவங்கள் ஒரே சொல் என்பதை அம்முறையால் தீர்மானிக்க இயலாது. அத்தீர்மானம் மொழியைப் பயன்படுத்தும் சமூகத்துக்கு உரியது. கொடிக்குறியீட்டின் விரைவு முன்கூட்டிய உடன்பாட்டில் தங்கியிருந்தது போலவே, சேவையகத்தின் விரைவும் முன்கூட்டிய உடன்பாட்டில் தங்கியுள்ளது. உடன்பாட்டில் பங்குகொள்ளாதவரின் சொல் விரைவாகத் தேடப்படும், ஆனால் கிடைக்காது.

ஆகவே, சில பணிகள் எம்முன் உள்ளன. தமிழ்ப் பெயர்களை ஏற்கும் ஒவ்வொரு சேவையகத்திலும் எண்ணாக்கலுக்கு முன் சமன்செய்தல் நிகழ்கின்றதா எனச் சோதிப்பது முதலாவது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 'கோ'வை இரு வடிவிலும் உள்ளிட்டு ஒரே விடை வருகின்றதா எனப் பார்த்தலே போதுமானது. மக்கள் எழுதித் தந்த வடிவத்தை அழியாது காத்து, தேடலுக்கென்று மட்டும் சமன்செய்த வடிவத்தைத் தனியே வைத்துக்கொள்வது இரண்டாவது; பெயரின் எழுத்துக்கூட்டல் அவரவர் உரிமை. ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றின் மாற்று வடிவங்களைப் பட்டியலாக்குவது மூன்றாவது. இது கணினியாளர் மட்டும் செய்யக்கூடிய பணியன்று. நிகண்டும் அகராதியும் தொகுத்த மரபினரின் பணி. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் பணி. திருகோணமலை வளாகம் அமைந்துள்ள கோணேசபுரி என்னும் பெயரிலேயே முதற் சோதனையைத் தொடங்கலாம்.

நிகண்டிலிருந்து அகராதிக்கு வந்தபோது தமிழ்ச் சமூகம் தன் சொற்களைத் தானே வரிசைப்படுத்திக்கொண்டது. இப்போது வேண்டப்படுவதும் அத்தகைய கூட்டுழைப்பே. அவ்வுழைப்பு செலவிடப்படாதவரை, தமிழில் கேட்கப்படும் கேள்விக்கு இயந்திரம் தரும் 'இல்லை' என்னும் விடையை இறுதி விடையாக ஏற்க வேண்டியதில்லை.